முதுகு காட்டி நிற்கும் முனை

பிரிஸ்பேனிலிருந்து வடக்கே சாலை வழியாகச் சுமார் 500 கிலோமீட்டர் போனால், ஓர் ஆண்டையே பெயராகக் கொண்ட ஊர் வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கிளாட்ஸ்டோன் வட்டாரத்தில், மிகச் சிலரே வசிக்கும் செவன்டீன் செவன்டி. 1770-ல் கடலோடி ஜேம்ஸ் குக் இங்கே கரையிறங்கினார்; அதன் இருநூறாவது ஆண்டான 1970-ல்தான் ரவுண்ட் ஹில் என்ற பழைய பெயர் மாறியது.

அந்த ஆண்டைவிடச் சுவாரஸ்யமானது ஊர் நிற்கும் விதம். எரிமலைப் பாறையாலான முனை ஒன்று கடலுக்குள் வடக்கு நோக்கி நீண்டிருக்கிறது. கிழக்கே பவளக் கடல், வடக்கே பஸ்டர்ட் விரிகுடா, மேற்கே ரவுண்ட் ஹில் ஓடையின் கழிமுகம். காற்றும் அலையும் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகின்றன. முனை அவற்றுக்கு முதுகு காட்டி நிற்பதால், மேற்குப் பக்கத்துத் தண்ணீர் அமைதியாகக் கிடக்கிறது. வீடுகளும் படகுத்துறையும் அந்தப் பக்கம்தான். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலில் மறைவதைக் காணக் கிடைக்கும் அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

குக்கின் எண்டெவர் கப்பல் மே 23 மாலை இந்த விரிகுடாவில் நங்கூரமிட்டது. மறுநாள் இறங்கியவர்கள் ஒரு பறவையைச் சுட்டார்கள். எடை 17½ பவுண்டு, ஏறத்தாழ 8 கிலோ. நம் கானமயிலுக்கு நெருங்கிய உறவான ஆஸ்திரேலிய பஸ்டர்ட் அது. இங்கிலாந்தை விட்டுக் கிளம்பிய பிறகு தின்றதிலேயே சிறந்த பறவை இதுதான் என்று குக் எழுதிவைத்தார்; விரிகுடாவுக்கும் அதன் பெயரையே சூட்டினார். உடன் வந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கிடைத்தது வேறு அனுபவம். அலையாத்தி மரங்களுக்குள் செடி தேடிப் போனவரைப் பச்சை எறும்புகள் கடித்துத் தள்ளின. நம்மூர் மாமரங்களில் இலைகளைச் சேர்த்து ஒட்டிக் கூடு கட்டுகிற முசுறின் அதே இனம். அங்கே அதன் வயிறு பச்சையாக இருக்கும்.

குக் இன்னொன்றும் பார்த்தார்: சின்ன இடத்துக்குள் பத்து நெருப்புகள், பக்கத்தில் சிப்பி ஓடுகள். ஆட்கள் மட்டும் இல்லை. அமைதியான கழிமுகம் சோறு போடும் என்பதை அவருக்கு வெகுகாலம் முன்பே அறிந்தவர்கள் மூட்டிய நெருப்பு அது. பைலாய், குராங், குரெங் குரெங், தரிபெலாங் புண்டா மக்களுக்கு இப்பகுதியில் உள்ள பாரம்பரிய நில உரிமையை ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2017-ல் அங்கீகரித்தது. ஊரின் வரலாற்றை அந்த நெருப்புகளிலிருந்து சொல்லத் தொடங்குவதே நியாயம்.

சில கிலோமீட்டர் தெற்கே ஆக்னஸ் வாட்டர். அங்கே கதை தலைகீழ். கரை திறந்து கிடக்கிறது, அலை நேராக வந்து விழுகிறது. குயின்ஸ்லாந்தில் அலைச்சறுக்குக்கு ஏற்ற கடைசிக் கரை என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கு வடக்கே கிரேட் பேரியர் ரீஃப் குறுக்கே நின்று பெருங்கடலின் அலையை உடைத்துவிடுகிறது. மணலுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. நியூ சவுத் வேல்ஸ் ஆறுகள் கொட்டும் மணல் கரையோரமாகவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நகர்ந்து, ககாரி தீவின் வடமுனையைத் தாண்டியதும் பெரும்பகுதி கண்டத்திட்டின் விளிம்பில் சரிந்து ஆழ்கடலுக்குள் விழுகிறது. அந்த மணல் நெடும்பாதை முடிந்து பவளத்தின் ஆட்சி தொடங்கும் இடைவெளியில் இருக்கிறது இந்த முனை.

ஓடைக்கு மேற்கே போகப் பாலம் கிடையாது. முன்பு ராணுவத்தில் ஓடிய, நீரிலும் நிலத்திலும் செல்லும் வண்டிகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசி, பயணிகளை ஏற்றி நான்கைந்து ஓடைகளைக் கடக்கிறார்கள். போய்ச் சேருவது பஸ்டர்ட் ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு. 1859-ல் குயின்ஸ்லாந்து தனிக் காலனியான பிறகு அதன் கரையில் எழுந்த முதல் கலங்கரை விளக்கம் அது; 1868-ல் முதன்முதலாக ஒளியேற்றப்பட்டது.

மேற்கே யூரிம்புலா தேசியப் பூங்கா, ஆக்னஸ் வாட்டருக்குத் தெற்கே டீப்வாட்டர் தேசியப் பூங்கா. ஊர் பரவ இடமில்லை; பரவாமல் இருப்பதே நல்லது. டீப்வாட்டர் கரையில் பெருந்தலைக் கடலாமைகள் கோடைகாலத்தில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் வெளிவந்து, வெளிச்சமான திசையே கடல் என்று நம்பி ஓடுகின்றன. கரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால்கூட வழிதவறிப் புதருக்குள் போய்ச் சாகும். எனவே அந்த மாதங்களில் அங்கே முகாமிடுபவர்கள் இரவு விளக்குகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வீடு கட்டுபவர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.