சிறுமலையில் எந்த ஊருக்கு?

நத்தம் சாலையில் சிறுமலைக்குப் பிரியும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னைப் பதிவெண் கொண்ட கார் ஒன்று ஓரங்கட்டி நிற்கிறது. ஓட்டிவந்த இளைஞர் செல்போன் திரையை இரு விரலால் விரித்தும் சுருக்கியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்சீட்டிலிருந்து அம்மா மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்: "அந்த டீக்கடையில ஒரு வார்த்தை கேளேன்டா." கடைசியில் இளைஞர் இறங்கி வருகிறார்.

"அண்ணே, சிறுமலைக்கு இப்படித்தானே போகணும்?"

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "ஆமாப்பா. சிறுமலையில எந்த ஊருக்கு?"

இளைஞரிடம் பதில் இல்லை. செல்போனில் அவர் போட்டது 'சிறுமலை' என்ற ஒரே சொல். செயலி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, நீலக்கோடு போட்டுக் கிளப்பிவிட்டது.

கடைக்காரர் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. சிறுமலை என்பது மலைத்தொடரின் பெயர், காட்டின் பெயர், ஊராட்சியின் பெயர். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் பழையூர், புதூர், தென்மலை, அகஸ்தியர்புரம் என்று ஊர்கள் தனித்தனியாக இருக்கின்றன. 'புதூர்' என்று மட்டும் போட்டாலும் சிக்கல்தான். தமிழ்நாட்டில் புதூர்களுக்குக் கணக்கே இல்லை. மதுரை நகருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஒரு பெயருக்குள் பல இடங்கள் இருந்தால், அவற்றின் நடுவே எங்கோ ஓரிடத்தில் கணினி புள்ளி வைத்துவிடும். அந்த நடு இடம் ஊராகவும் இருக்கலாம், காடாகவும் இருக்கலாம்.

இது வெறும் ஊகம் இல்லை, ஆஸ்திரேலியாவில் நடந்தே இருக்கிறது. 2012 டிசம்பரில் விக்டோரியா மாநிலப் போலீசார் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டார்கள். மில்டுரா என்ற ஊருக்கு ஆப்பிள் மேப்ஸ் பார்த்துப் போனவர்கள், ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு தேசியப் பூங்காவின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். சிலர் 24 மணி நேரம் வரை சோறு தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். வெயில் 46 டிகிரியைத் தொடக்கூடிய பகுதி அது. காரணத்தைத் தேடியபோது, அந்நாட்டு இடப்பெயர்ப் பட்டியலில் மில்டுரா என்ற பெயர் இரண்டு முறை இருந்தது தெரியவந்தது. ஒன்று ஊர். மற்றது ஊரைச் சுற்றியுள்ள பெரிய நிர்வாகப் பகுதி. அதன் நடுப்புள்ளி காட்டுக்குள் விழுந்திருந்தது. அந்தச் செயலி வெளிவந்ததே அதற்கு மூன்று மாதம் முன்புதான். வந்த வாரத்திலேயே பிழைகள் குவிந்து, ஆப்பிள் தலைவர் டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சரிசெய்யும்வரை மற்ற நிறுவனங்களின் மேப்பைப் பயன்படுத்துங்கள் என்று அவரே சொல்ல வேண்டி வந்தது.

அதற்காக மேப் செயலியையே குறைசொல்லி ஒதுக்கிவிட முடியாது. திண்டுக்கல் டவுனுக்குள் அது செய்யும் உதவி பெரிது. மணிக்கூண்டுப் பக்கம் நெரிசலா, நாகல்நகர் வழியாகச் சுற்றிப் போகலாமா என்பதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்ளலாம். முகூர்த்த நாளில் பேகம்பூர் பக்கம் பிரியாணிக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2017 டிசம்பரில் கூகுள் மேப்ஸ் டூவீலருக்கென்று தனி வழி காட்டும் வசதியைக் கொண்டுவந்தபோது, உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் அதை அறிமுகப்படுத்தியது. கார் நுழையாத சந்து வழியாக பைக்கை விடச் சொல்லும் அந்த வசதி நம்மூருக்கென்றே செய்தது போல இருக்கும். 2018 முதல் தமிழிலேயே வழி சொல்கிறது. கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு காதால் கேட்டு ஓட்டலாம் என்பது, ஆங்கிலம் தடுமாறும் ஓட்டுநர்களுக்கு உண்மையான விடுதலை.

நெரிசல் அதற்கு எப்படித் தெரிகிறது? சாலையில் நகரும் செல்போன்கள்தான் சொல்கின்றன. எத்தனை போன்கள், என்ன வேகத்தில் நகர்கின்றன என்ற கணக்கே சிவப்பாகவும் பச்சையாகவும் திரையில் வருகிறது. 2020-ல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு சின்ன இழுவண்டியில் 99 பழைய செல்போன்களைப் போட்டுக் காலியான தெருக்களில் மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் மேப்பில் அந்தத் தெருக்கள் சிவந்தன. வண்டியே இல்லாத தெருவில் டிராஃபிக் ஜாம்!

அந்த இழுவண்டியைத் திருப்பிப் போட்டால் சிறுமலை கிடைக்கும். பெர்லினில் வண்டி இல்லாமலே போன்கள் இருந்தன. சிறுமலையில் வாழைக்குலையும் பலாவும் எலுமிச்சையும் இறங்கும் தோட்டத்துப் பாதைகளில் ஆளும் குதிரையும் நடக்கும், ஆனால் போன் அதிகம் நடக்காது. 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலைவாழை, சாலையைத் தொடுமுன் குதிரை முதுகில்தான் பயணத்தைத் தொடங்குகிறது. கூட்டம் போகிற இடத்தைச் செயலி நன்றாக அறியும். கூட்டம் போகாத இடத்தை அதற்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அதே நீலக்கோட்டை அதே நம்பிக்கையோடு போட்டுக் காட்டும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். கூகுள் மேப்ஸில் கார் என்று போடலாம், டூவீலர் என்று போடலாம். பொதி ஏற்றிய லோடு வண்டிக்குத் தனி வழி கிடையாது. மலையேறத் தயாராக நிற்கும் புதிய ஓட்டுநருக்கும் பழையவருக்கும் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்:

"மாமா, மேப்புல முக்கால் மணி நேரம்னு காட்டுது."

"காருக்குக் காட்டுதுடா. நீ லோடு ஏத்திட்டு ரெண்டாவது கியர்ல ஏறு பாப்போம். எதிர்ல பஸ் வந்தா வளைவுல யாரு ஒதுங்குறது, அதைக் காட்டுதா?"

சரி, மலைக்கு எது ஒத்துவரும்? இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: சிக்னல் போனால் ஜிபிஎஸ்-ஸும் போய்விடும் என்று. போகாது. செல்போன் தன் இடத்தை அறிவது சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையால். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. சிக்னல் இல்லாதபோது நின்றுபோவது வரைபடம் இறங்குவதுதான். புள்ளி இருக்கும், அதைச் சுற்றி வெள்ளைத் தாள் போல வெறுமை இருக்கும். ஆகவே கீழே டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும்போதே சிறுமலைப் பகுதியை ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கூகுள் மேப்ஸில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் ஆஃப்லைனில் கார் வழிதான் சொல்லும், நடைவழி சொல்லாது.

நடைக்குத்தான் ஆர்கானிக் மேப்ஸ். 2021-ல் தொடங்கிய இந்தச் செயலி முழுக்க ஆஃப்லைனில் ஓடும், விளம்பரம் இல்லை, ஆளைப் பின்தொடர்வதும் இல்லை. இதன் அடித்தளம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்: 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதக்கூடிய உலக வரைபடம். ஆர்கானிக் மேப்ஸ் மலையின் உயரக்கோடுகளைக் காட்டும். அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலை சிவன் கோயிலுக்கு நடந்து ஏறுகிறவருக்கு, பாதை எவ்வளவு செங்குத்து என்று முன்கூட்டித் தெரிவது சின்ன உதவியில்லை. ஆனால் ஒரு பஸ் எங்கே வருகிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது என்றெல்லாம் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. டவுனுக்கு இது சுமார்தான்.

நெடுஞ்சாலையில் மேப்பிள்ஸ் என்ற செயலி நன்றாக இருக்கிறது. ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதியர் 1995-ல் தொடங்கிய நிறுவனம் உருவாக்கியது. மேப்மைஇந்தியா என்ற பெயரில் கார்களுக்குள் வந்துகொண்டிருந்ததும் இவர்களுடையதுதான். மேம்பாலத்தில் ஏறணுமா, கீழே போகணுமா என்று சந்திப்பைப் படமாகவே காட்டும். வேகத்தடையை முன்கூட்டிச் சொல்லும். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிறவர் கொடைரோடு சுங்கச்சாவடிக் கட்டணத்தையும் சேர்த்துச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம்.  

நெடுஞ்சாலையை விட்டு மலைக்குள் வந்தால் முகவரியே ஒரு சிக்கல். மலைத்தோட்டத்து வீட்டுக்குக் கதவு எண் ஏது, தெரு ஏது? "பெரிய பலாமரத்துக்கு மேல ரெண்டாவது வீடு" என்பதே விலாசம். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அந்த மரம் தெரியாது. 2025 மே மாதம் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின், நாடு முழுவதையும் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு கொடுக்கிறது. தோட்டத்து வாசலில் நின்று அந்தக் குறியீட்டைப் பார்த்து, சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்துவிடலாம். பிரசவ வலி வந்த ராத்திரியில் பலாமரத்தை விவரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆபத்தான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகாவுக்குத் திரும்பிய சுற்றுலாப் பயணிகளின் கார், மேப் காட்டிய குறுக்கு வழியில் போய் கூடலூரில் குடியிருப்புக்கு நடுவே படிக்கட்டில் இறங்கி நின்றது. போலீசாரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து காரை மீட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் ஹைதராபாத்தைச் சேர்ந்த நால்வர் ஆலப்புழைக்குப் போகும் வழியில், கோட்டயம் மாவட்டம் குருப்பந்தறை அருகே, மழைவெள்ளம் மூடிய சாலையென்று நினைத்து ஓடைக்குள்ளேயே காரை விட்டார்கள். நால்வரும் உயிர் தப்பினார்கள். நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே நடந்ததில் தப்பவில்லை. வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச்செல்லப்பட்ட பாலத்தின் மேல் போன கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். போலீஸ் வழக்கில் மேப் நிறுவன அதிகாரி ஒருவரோடு பொதுப்பணித் துறைப் பொறியாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். சரியான காரியம். உடைந்த பாலத்துக்கு முன்னால் நாலு கல்லும் ஒரு சிவப்புத் துணியும் இருந்திருந்தால், மேப் என்ன சொன்னாலும் கார் நின்றிருக்கும்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் எல்லோருக்கும் தெரியும். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் இன்னொரு பாதையும் இருக்கிறது. மேப்பில் அது குறுக்கு வழி. நேரில் பார்த்தால் குறுகல், மழைக்காலத்தில் மண் சரியும் இடம். கோட்டின் நீளம் மேப்புக்குத் தெரியும், அகலமும் மண்ணும் தெரியாது. சட்டமும் தெரியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை நீலக்கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தூரத்திலும் இதே ஏமாற்றம். சிறுமலையின் மதுரைப் பக்கச் சரிவில் குட்லாடம்பட்டி அருவி. திரையில் மேலேயிருந்து ஒரு விரல்கடை. வண்டியில் போக வேண்டுமென்றால் 18 வளைவும் இறங்கி, நெடுஞ்சாலையைப் பிடித்து, வாடிப்பட்டிப் பக்கமாகச் சுற்ற வேண்டும். "பக்கத்துலதான் இருக்கு, நடந்தே இறங்கிரலாம்" என்று கிளம்புகிறவர்களைத் தடுக்க வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

அந்த உள்ளூர்க்காரர்களின் அறிவு மேப்பில் ஏற வேண்டும். ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்கலாம். 2021-ல் கூகுள் மேப்ஸ் இடப்பெயர்களை இயந்திரம் மூலம் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்கு மாற்றிக் காட்டத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் ஆங்கில எழுத்துக்குள் போய்த் திரும்பும் 'ழ' எந்த உருவத்தில் வெளியே வருமென்று சொல்ல முடியாது. பழையூரைப் பழையூர் என்று எழுத அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி ஊரின் தமிழ்ப்பெயரைச் சேர்ப்பதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.

குதிரைப் பாதைகளை ஏற்றுவதில்தான் யோசனை வேண்டும். ஒரு பாதை மேப்பில் வந்துவிட்டால், அடுத்த விடுமுறையிலேயே முதுகுப்பையோடு ஆள் வரும். காட்டுக்குள் போகும் பாதையென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுமாடு நிற்கும் பாதையில் தெரியாதவர் நடப்பது யாருக்கும் நல்லதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: கோட்டை வரையும்போதே, பொதுவழியா, தனியார் தோட்டமா, அனுமதி வாங்கிப் போக வேண்டியதா என்று குறித்துவிடலாம். எது எந்த வகை என்பது குதிரையோடு நடப்பவருக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல, கையில் போன் வைத்திருக்கும் அவருடைய மகனோ பேத்தியோ குறிக்க வேண்டும்.

டீக்கடையில் அந்த இளைஞர் இன்னும் நிற்கிறார். தெரிந்தவர் வீட்டுக்குத்தான் போகிறார்களாம், அம்மாவிடம் கேட்டதில் ஊர் அகஸ்தியர்புரம் என்று தெரிந்தது. "அப்ப அதையே போடு தம்பி. மேல சிக்னல் வந்து வந்து போகும், இங்கேயே டவுன்லோடு பண்ணிக்க." திரையில் ஆஃப்லைன் மேப் இறங்கத் தொடங்குகிறது. முடிவதற்குள் கடைக்காரர் இரண்டு டீயைக் கார் பக்கம் கொடுத்தனுப்புகிறார். "வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சு ஏறுப்பா, இந்நேரம் லோடு வண்டி இறங்கும்."