தங்கம் இருக்கிறது, தங்குவோர் எங்கே?

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் டிம்மின்ஸ். 1909இல் அந்தப் பக்கம் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஹோலிங்கர், மக்கின்டயர், டோம் என மூன்று பெரிய சுரங்கங்கள் வந்தன, அவற்றைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஃபின்லாந்து, இத்தாலி, உக்ரைன், குரோவேஷியா என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள்தான் பாறையைக் குடைந்தார்கள்.

இன்று அதே ஊர் ஆட்களுக்கு அலைகிறது. 1996இல் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2021 கணக்கெடுப்பில் 41,145 பேர்தான். 2010இல் கிட் க்ரீக் சுரங்கத்தின் உருக்காலை மூடப்பட்டது பெரிய அடி. பிள்ளைகள் படிக்க வெளியூர் போகிறார்கள், திரும்புவதில்லை.

இதற்கு மருந்தாக 2019இல் கனடா அரசு 11 சிற்றூர்களுக்கு ஒரு குடிவரவுத் திட்டம் கொண்டு வந்தது. உள்ளூர் நிறுவனம் நிரந்தர வேலை தர வேண்டும், ஊரின் பொருளாதார மேம்பாட்டு அமைப்பு பரிந்துரைக்க வேண்டும். அப்புறம் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது 2024இல் முடிந்தது. 2025இல் 14 ஊர்களுடன் புதிய திட்டம் வந்தது. டிம்மின்ஸ் இரண்டிலும் உண்டு.

நிற்க. வரவழைப்பது பாதி வேலைதான். வதிவிட உரிமை கிடைத்துவிட்டால் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் போய் வாழலாம். அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவே அந்த உரிமையைத் தருகிறது. யாரையும் கட்டிப்போட முடியாது, கட்டிப்போடவும் கூடாது!

ஏன் கிளம்புகிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் குளிரைத்தான் காட்டுவார்கள். ஜனவரி இரவுகளில் மைனஸ் 20க்கும் கீழே போவது அங்கே சாதாரணம். ஆனால் வின்னிபெக்கிலும் எட்மன்டனிலும் என்ன வெயிலா காய்கிறது? அங்கே லட்சக்கணக்கானோர் இருக்கத்தானே செய்கிறார்கள்.

உண்மையான சிக்கல் வீட்டின் இரண்டாவது வேலை. கணவனுக்குச் சுரங்கத்தில் மெக்கானிக் வேலை, நல்ல சம்பளம். மனைவி ஊரில் கணக்காளராகவோ செவிலியராகவோ இருந்தவர். ஒரே தொழிலை நம்பிய ஊரில் அவர் படிப்புக்கேற்ற காலியிடம் ஒன்றோ இரண்டோதான். செவிலியர் என்றால் உரிமம் வாங்கவே காலம் பிடிக்கும். இரண்டு குளிர்காலம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர் மூன்றாவது குளிர்காலத்துக்கு முன் பெட்டி கட்டச் சொல்வதில் என்ன தப்பு? ஈழத்திலிருந்து போன தமிழர்கள் ஸ்கார்பரோவில் குவிந்ததும் வேலைக்காக மட்டும் அல்ல. சொந்தக்காரர்கள், கோயில், கடை எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தன.

திட்டமோ முதலாளியின் தேவையை மட்டுமே பார்க்கிறது. ஒரே முதலாளியை நம்பி வதிவிட உரிமை என்றால் மிரட்டலுக்கும் இடம் உண்டு. போதாக்குறைக்கு, டொராண்டோவுக்கு இருந்த பயணிகள் ரயிலை 2012இல் நிறுத்தினார்கள். பிறகு மறுபடி விடுவோம் என்று அறிவித்தார்கள்.

இருக்கிற நல்ல வழி உள்ளூர்க் கல்லூரிதான். அங்கே படித்த வெளிநாட்டு மாணவர்கள் குளிரையும் ஊரையும் பார்த்துவிட்டவர்கள். பழைய திட்டத்திலும் அவர்களுக்கு வேலை அனுபவ நிபந்தனை தளர்த்தப்பட்டது. ஆனால் 2024இல் மாணவர் அனுமதிக்கே நாடு முழுக்க உச்சவரம்பு வைத்தது அதே அரசு. பெருநகரங்களின் வீட்டு வாடகைக்குப் போட்ட பூட்டு, ஆள் இல்லாத ஊரின் கதவிலும் தொங்குகிறது.