சிறுமீனைத் தனியே வளர்க்காதீர்கள்

பிள்ளைகளின் ஆசைக்காக மீன்தொட்டி வாங்கும் பெற்றோர் கடையில் ஒரு பிழை விடுகிறார்கள். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, வரி போட்டதில் ஒன்று என எட்டு வகையில் எட்டு மீன்களைப் பொலித்தீன் பையில் கொண்டுவருகிறார்கள். விற்பவரும் தடுப்பதில்லை. சில நாட்களில் அவை மூலையில் ஒதுங்கி, நிறம் மங்கி, இரை எடாமல் ஒவ்வொன்றாய் மிதக்கின்றன. பிள்ளை அழுகிறது. "எங்களுக்கு மீன் சரிவராது" என்ற முடிவோடு தொட்டி வீட்டுக் கோடிக்குப் போகிறது.

பிழை கைராசியில் அல்ல, எண்ணிக்கையில் இருக்கிறது. எட்டு வகையில் ஒவ்வொன்று வாங்கும் காசுக்கு ஒரே வகையில் எட்டு வாங்கலாம். அதுவே சரியானது என்பது எமது கருத்து.

குளத்து வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த கமக்காரருக்கு இது புதிதல்ல. சிறுமீன் கூட்டமாகவே திரியும். தன்னைக் காக்க வேறு ஆயுதம் இல்லாத அதற்குக் கூட்டமே அரண். பல மீன்கள் ஒன்றாய்த் திரும்பும்போது, பிடிக்க வரும் பெரிய மீன் எதைப் பிடிப்பதென்று தடுமாறுகிறது. கண்ணாலும், உடலின் இரு பக்கமும் நீரசைவை உணரும் கோட்டினாலும் அவை அணி கலையாது நீந்துகின்றன. தனித்த மீனோ எந்நேரமும் அச்சத்தில் இருக்கிறது. அந்த அச்சமே அதை நோய்க்கு இலகுவாக்குகிறது. கூட்டத்தை இழந்த உயிரின் கலக்கம் எமக்குச் சொல்லித் தெரியவேண்டியதல்ல.

எம் நாட்டு மீன் ஒன்றையே பாருங்கள். செரி பார்ப் எனப்படும் இதைச் சிங்களத்தில் லே தித்தயா என்பர். 1929இல் பி. ஈ. பி. தெரணியகல இதனை விபரித்தார். தென்மேற்கு ஈரவலயத்தின் நிழல் ஓடைகளுக்கே உரிய இது ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வளரும். ஓடைகளில் பிடிப்பதால் குறைந்துபோகும் இனமாகையால், பண்ணையில் வளர்த்ததையே கேட்டு வாங்குங்கள்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லீற்றர் கொள்ளும். அதில் 3 ஆணும் 5 பெண்ணுமாக எட்டு விடலாம். ஆண்கள் ஒன்றோடொன்று போட்டியிடும்போதுதான் நன்கு சிவக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்றுநீர் வன்னீர். அதற்கு வரிகொண்ட சீப்ரா டானியோவும் கப்பியும் கூடுதலாய்ப் பொருந்தும். குழாய்நீரானால் குளோரீன் நீங்க ஒரு நாள் வாளியில் வைத்து ஊற்றுங்கள்.

அவசரம் வேண்டாம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் பற்றீரியா வடிகட்டியில் பெருக 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரை வடிகட்டியை ஓடவிட்டு, சிறிது இரையை மட்டும் போடுங்கள். பின்பு ஒரு வகையின் கூட்டத்தையும், இரு கிழமை கழித்து வேண்டுமானால் இன்னொரு சாதுவான வகையின் கூட்டத்தையும் விடலாம். செட்டை கடிக்கும் புலிவரி பார்ப்பும், சிறுமீனை விழுங்கும் ஏஞ்சலும் இவற்றோடு வேண்டாம்.

இறுதியாக ஒன்று. வளர்க்க முடியாமற் போனால் மீனைக் குளத்தில் விடாதீர்கள். தொட்டியைத் துப்புரவாக்க வந்த முதலைத்தோல் போன்ற உறிஞ்சுவாய்க் கெளிறு இன்று எமது நீர்நிலைகளிலும் பெருகிவிட்டது. வேண்டாத மீனை வளர்ப்பவருக்கோ கடைக்கோ கொடுத்துவிடுங்கள்.