பாட்டுக்கு உரியவர்கள்

இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ப் போட்டிதான் தமிழர்களின் இசை ரசனையை மனப்பாடப் பரீட்சையாகக் குறுக்கிவிட்டது என்று சென்ற மாதம் ஓர் இதழ் எழுதியிருக்கிறது. பண்பாட்டுத் தொழிற்சாலை, நுகர்வு மனம் என்று தத்துவவாதி அடோர்னோவையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்கள். தேவாரம் என்ற ஊரில் உட்கார்ந்து படிக்கிற எங்களுக்கு இது பொறுக்கவில்லை.

மனப்பாடத்தை இழிவாகப் பேசும் துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது? அந்தாதி பிறந்த மொழி இது. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தி சரணத்தில் தடுமாறினால் பின்சீட்டிலிருந்து இன்னொருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள். புத்தகம் வாங்க வழியில்லாதவர்களின் நூலகம் அது. அதை ரசனைக்குப் பகை என்பவர்கள் யாருடைய ரசனையைப் பற்றிப் பேசுகிறார்கள்?

ஹமீத் திடீரென்று முளைத்தவர் அல்ல. 1952-ல் மத்திய அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒதுக்கியபோது நாடே கொழும்பு பக்கம் காதைத் திருப்பியது. 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கம் இலங்கை வானொலியை விடவில்லை. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று நீளும் அந்த அறிவிப்பாளர் வரிசையில் வந்தவர் ஹமீத். வானொலியில் நடத்திய போட்டியை மேடைக்குக் கொண்டுபோனார். பிறகு சன் தொலைக்காட்சிக்கு. ‘லலிதாவின்’ என்று விளம்பரதாரர் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டதே தவிர, ஆட்டம் கெடவில்லை. பல்லவி முடிகிற இடத்தில் பதற்றமில்லாமல் உள்ளே நுழைந்து அடுத்த எழுத்தைச் சொல்வார். லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியாக விழும். தோற்றவரைக்கூட மரியாதையாக அனுப்பிவைப்பார்.

இவற்றையெல்லாம் விடப் பெரிது அவர் பெயர் சொன்னது. படம், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்வது இலங்கை வானொலி வளர்த்த ஒழுக்கம். எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்று நடிகர் கணக்கில் எழுதப்பட்டவை பட்டுக்கோட்டையாருக்கும் மருதகாசிக்கும் கு. மா. பாலசுப்பிரமணியத்துக்கும் திரும்பிப் போனது அறிவிப்பாளர்களின் நாவால்தான். விமர்சனத்தின் முதல் வேலையே உரியவரைச் சொல்வதுதானே? நம் திறனாய்வாளர்கள் திரைப்பாட்டைத் தொடவே கூசிய காலத்தில் அந்த வேலையை ஒலிவாங்கி முன் நின்றவர்கள் செய்தார்கள். ஹமீதை விமர்சகர் என்றே சொல்வோம். மறுப்பவர்கள் எழுதட்டும்.

பெயர் சொல்ல ஆளில்லாத பாட்டுகளின் கதி எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர் பண்ணைப்புரம். அந்த ஊர்ப் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர்களிடையே பாடினார். ரோசம்மா வென்றார். ஒரு ஆர்மோனியமும் ஒரு தொண்டையும் மலையில் அரசியல் பேசிய காலம் அது. அந்த மனிதரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்களுக்கு நிறுத்த வராது. தம்பி இளையராஜாவின் புகழ் உலகெங்கும் போயிற்று. அண்ணனின் பாட்டுகள் கேட்டவர்களின் நினைவில் தங்கின. அவர்களோடு மறைந்தும் வருகின்றன. மனப்பாடத்தைப் பழிக்கிறவர்கள் இந்த இழப்புக்கு என்ன சொல்வார்கள்?

கோபப்படத்தான் வேண்டுமென்றால் இன்றைய பாட்டுப் போட்டிகளைப் பாருங்கள். பாடுகிற பிள்ளையின் வீட்டு வறுமையைப் படம்பிடித்துச் சோக இசை சேர்த்து விற்கிறார்கள். நடுவர் அழுகிறார், அந்த அழுகையே அடுத்த வார முன்னோட்டம். பாட்டை எழுதியவர் யாரென்று மேடையில் ஒருவரும் கேட்பதில்லை. கைப்பேசிச் செயலியைத் திறந்தால் நாயகனின் முகம்தான் பெரிதாகத் தெரிகிறது. அந்த இதழ் இதற்கு ஒரு பத்தியும் ஒதுக்கவில்லை.

எங்கள் பத்திரிகையின் அடுத்த இதழிலிருந்து, திரைப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரோடு அனுப்ப வேண்டும். பாவலரின் பாட்டுகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் கோம்பை, பண்ணைப்புரம், தேவிகுளம் பக்கம் இருந்தால் தெரிவியுங்கள். அவர்கள் வீட்டுக்கே வந்து பதிவுசெய்துகொள்கிறோம்.