இறுகிப்போன நட்டை என்ன செய்வது?



காஞ்சிபுரத்துச் சாலைகளில் காய்கறிக் கூடைகளையும் நெல் மூட்டைகளையும் திருவிழாப் பந்தல் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஓடும் சிறு சரக்கு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 'பிக்கப்' என்று அழைக்கிறோம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒரு பிக்கப் நின்றுகொண்டிருந்தால், அதன் முன் டயரைச் சற்றுக் குனிந்து பாருங்கள். ஒரு விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் அந்தச் சக்கரம் நேராக ஓடவில்லை என்று ஐயுறலாம்.

'அலைன்மெண்ட்' செய்தால் சரியாகிவிடுமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் பழைய வண்டிக்குப் பட்டறையில் பல சமயம் கிடைக்கும் பதில் வேறு: "நட்டு இறுகிப்போச்சுங்க, அசையவே இல்லை. இப்படியே ஓட்டுங்க." இந்தப் பதிலை ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்காக, நீண்ட குழாயை மாட்டி முழுப் பலத்தையும் காட்டித் திருகுவதும் கூடாது. இரண்டுக்கும் நடுவே அறிவு வழி ஒன்று உண்டு. அது நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல்தான்.

முதலில், அப்படியே விட்டால் என்ன நஷ்டம் என்று கணக்கிடுவோம். சக்கரத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே 60 செ.மீ. என்று கொள்வோம். சக்கரம் 3 மி.மீ. மட்டும் திரும்பியிருக்கிறது. 600க்கு 3 என்றால் 1,000க்கு 5. அதாவது, அந்தச் சக்கரத்தை அதன் போக்கில் விட்டால் ஒரு கிலோமீட்டருக்குள் 5 மீட்டர் விலகிப் போய்விடும். ஆனால் வண்டி அதை விலக விடாது. அந்த விலகலை டயரின் ரப்பர்தான் வளைந்தும் தேய்ந்தும் ஈடுகட்ட வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 75 கி.மீ. அங்கே போய்ச் சேர்வதற்குள் 375 மீட்டர் ஈடுகட்டியாக வேண்டும்! டயர் தேய்வது பணநஷ்டம். தேய்ந்த டயர் மழைநாளில் வழுக்கினால், நஷ்டம் ஓட்டுநரோடு நிற்பதில்லை; சாலையோரம் மிதிவண்டியில் வரும் உங்களையும் சேர்கிறது.

இந்த 3 மி.மீ. பிழையைத் திருத்தும் இடம் எது? இரு முன் சக்கரங்களும் ஒரே அச்சில் அமைந்த வண்டிகளில், அவற்றை இணைக்கும் 'டை ராடு' என்ற தண்டின் முனையில் மரை வெட்டியிருக்கும். அங்கே தண்டின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, நட்டால் பூட்டுவார்கள். சக்கரங்கள் தனித்தனிக் கரங்களில் தொங்கும் சில வண்டிகளில், மையம் விலகிய வட்டத் தட்டுடன் கூடிய போல்ட் இருக்கும். அதைத் திருப்பினால் கரம் சற்று நகரும். இந்தப் போல்ட் ரப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள எஃகுக் குழலின் வழியே செல்கிறது. நட்டு கழன்றாலும் போல்ட் வராமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் இந்தக் குழலுக்குள்தான்.

இறுகுவதற்குக் காரணம் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. மரைகளுக்கிடையே இருப்பதோ மயிரிழை இடைவெளி. ஐப்பசி, கார்த்திகை மழை நீர் அதில் புகுந்து துரு வளர்ந்தால், அது ஆப்பு அடித்ததுபோல் இறுகிக்கொள்கிறது.

இப்போது பலத்தைப் பார்ப்போம். 30 செ.மீ. ஸ்பானரின் முனையில் 300 நியூட்டன் விசை கொடுத்தால் திருப்புவிசை 90 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. போல்ட் ஒன்றைச் சாதாரணமாக முடுக்க ஏறத்தாழ இவ்வளவே போதும். குழாய் மாட்டி 90 செ.மீ. ஆக்கினால் அது 270 ஆகிவிடும். துரு விடுவதற்கு முன் போல்ட்டின் கழுத்து முறியும்! பிறகு உள்ளே சிக்கிய துண்டைத் துளையிட்டு எடுக்க அரை நாள் போய்விடும்.

திசை தெரியாத பலம் இன்னும் மோசம். டை ராடு பலவற்றில் ஒரு முனையில் வலமரை, மறு முனையில் இடமரை. உங்கள் மிதிவண்டியின் இடது பெடலும் இடமரைதான். வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் அது மேலும் இறுகும். ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன் மரையைப் பார்க்க வேண்டும்.

சரியான வழிதான் என்ன? கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஓர் இரவு காத்திருக்க வேண்டும். நுண்புழை ஏற்றத்தைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? இடைவெளி குறுகக் குறுக எண்ணெய் ஆழமாகப் புகும். ஆனால் மெதுவாகத்தான் புகும். மறுநாள் சுத்தியலால் சில தட்டு. ஒரு கிலோ சுத்தியல் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், சராசரி விசை 5,000 நியூட்டன். நொடிப்பொழுதே நீடிக்கும் இந்த அதிர்ச்சி போல்ட்டை முறுக்காமல் துருவை நொறுக்குகிறது. பிறகு சிறிது முடுக்கி, சிறிது தளர்த்தி, முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். பாவில் இழை சிக்கினால் நம் நெசவாளர் வெடுக்கென்று இழுப்பாரா? இருபுறமும் தளர்த்தித்தானே எடுப்பார்!

அதற்கும் அசையாத நட்டைச் சூடாக்குவார்கள். 12 மி.மீ. துளை கொண்ட எஃகு நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். மரைக்கு இது பெரிய இடைவெளிதான். ஆனால் இங்கே எச்சரிக்கை வேண்டும். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருந்தால், அது வெப்பப் பதமூட்டி வலுவாக்கிய எஃகு. செக்கச்செவேல் என்று காய்ச்சினால் அந்தப் பதம் கெட்டுவிடும். பார்வைக்கு நன்றாயிருக்கும், வலிமையிருக்காது. அதைத் திரும்பப் பூட்டவே கூடாது. அருகில் ரப்பர் புஷ்ஷும் பிரேக் குழாயும் இருந்தால் நெருப்பே ஆகாது. டை ராடு முனையையும் காய்ச்ச வேண்டாம். வண்டியின் திசை அதை நம்பியிருக்கிறது. எதற்கும் மசியாவிட்டால், அறுத்தெடுத்துப் புதிய போல்ட்டும் புஷ்ஷும் போடுவதே சிக்கனம்.

"வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை போய்விடுமே, இரவெல்லாம் எண்ணெய் ஊற வைக்க யாருக்கு நேரம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டறைக்காரருக்கும் நேரம்தான் கூலி. ஆனால் எண்ணெய் ஊறுவதற்கு ஆள் உடனிருக்க வேண்டாம். முதல் நாள் மாலையிலேயே விட்டு வைத்தால் இரவு தானே வேலை செய்யும். அதைவிட எளிது வருமுன் காப்பது. புதிய போல்ட்டைப் பூட்டும்போது குழலுக்குள் நிற்கும் வழவழப்பான தண்டில் மெல்லியதாகக் கிரீஸ் தடவினால் போதும். மரையில் தடவ வேண்டாம். அங்கே உராய்வு குறைந்தால், அதே திருப்புவிசைக்குப் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

பள்ளி ஆய்வகங்களில் துருவேறிய நட்டும் போல்ட்டும் பத்து ஜோடி வாங்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்வேன். செலவு மிகக் குறைவு. நெம்புகோல், உராய்வு, நுண்புழை ஏற்றம், கணத்தாக்கு, வெப்பவிரிவு ஆகிய ஐந்து பாடங்களும் அந்த ஒரு நட்டில் அடங்கியிருக்கின்றன. தேர்வுத்தாளில் சூத்திரத்தை எழுதிவிட்டு, பட்டறையில் குழாயை மாட்டி இழுப்பவர் இயற்பியல் கற்றவர் ஆகார். ஆய்வகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆசிரியர் துணையோடு மேசைமேல் ஒரு துருப்பிடித்த நட்டைக் கழற்றிப் பாருங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள்!