செவுளைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம்



மன்னாரில் மீன் வாங்கப் போனால் வியாபாரி சொல்வதை மட்டும் நம்பி நாம் வாங்குவதில்லை. செவுளைத் தூக்கி நிறம் பார்ப்போம். அதே நாம்தான் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செயலியை ஒன்றும் பாராமல் போனில் ஏற்றுகிறோம். பாடசாலையில் ஐசிடி படிக்கிற பிள்ளைக்கும் கோப்பின் செவுளைத் தூக்கிப் பார்க்க நாம் பழக்கவில்லை. அந்தக் குறை என்னையும் சேரும்.

உயர்தர மாணவரிடம் லிங்கர் என்றால் என்ன என்று கேளுங்கள், வரைவிலக்கணம் சொல்வார். எழுதிய நிரலைக் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது ஒப்ஜெக்ட் கோப்பு. அவற்றைக் கோத்து முழு நிரலாக்குவது லிங்கர். பல நிரல்கள் பொதுவாகப் பாவிப்பது ஷெயார்ட் லைப்ரரி. பள்ளிவாசலின் பெரிய சட்டியை எல்லா வீட்டு விசேஷத்துக்கும் எடுப்பது போலத்தான். சட்டியில் நஞ்சு ஒட்டியிருந்தால் எல்லா வீட்டுச் சோற்றிலும் நஞ்சு.

அப்படி ஒன்று நடந்தது. 2024 மார்ச் 29, பெரிய வெள்ளி; நமக்கு நோன்பு காலம். அன்றுதான் அன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர் உலகத்துக்கு அறிவித்தார்: லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பாவிக்கிற எக்ஸ்இஸட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு இருக்கிறது. தூரத்துக் கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை வினாடி தாமதம். அது ஏன் என்று தோண்டினார். நேரம் எக்ஸ்இஸட்டின் லைப்ரரிக்குள் செலவாகிறது, ஆனால் எந்தப் பெயருள்ள செயற்கூறில் என்று கருவியால் காட்ட முடியவில்லை. சந்தேகம் அங்கேதான் வலுத்தது.

மூலநிரல் திறந்துதானே இருந்தது என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் நஞ்சு, கம்பைல் செய்து முடித்த ஒப்ஜெக்ட் கோப்பாக, சோதனைக்கு வைத்த கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை வெளியே எடுத்து லைப்ரரியோடு கோக்கும் வரி, விநியோகித்த பொதியில் மட்டும் இருந்தது; எல்லோரும் பார்க்கிற களஞ்சியத்தில் இல்லை. வைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேலாக நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்றவர்.

ஹதீஸ் கலையில் செய்தியை மட்டுமா பார்க்கிறோம்? அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரையும் எடைபோடுகிறோம். இங்கேயும் ஒரு வரிசை உண்டு. நுழைவாயில் நிரல் சிஸ்டம்டி லைப்ரரியை அழைத்தது, அது எக்ஸ்இஸட்டின் லைப்ரரியை அழைத்தது. மூன்றாவது கண்ணியில்தான் பழுது.

என் கருத்து இதுதான்: வரைவிலக்கணத்தோடு ஒரு செய்முறையும் வேண்டும். சி மொழியில் பத்து வரி எழுதி ஒப்ஜெக்ட் கோப்பாக்கட்டும். ‘என்எம்’ என்ற கட்டளை கொடுத்தால், கோப்பில் உள்ள செயற்கூறுக்குப் பக்கத்தில் ‘டீ’ என்ற எழுத்தும், வெளியிலிருந்து கேட்பதற்கு ‘யூ’ என்ற எழுத்தும் வரும். லிங்கர் கோத்து முடித்த நிரல் எந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று ‘ரீட்எல்ஃப்’ காட்டும். அறியாத கோப்பில் ‘எல்டிடி’ கட்டளையைப் பாவிக்க வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சில வேளை அது அந்தக் கோப்பையே இயக்கிவிடும். இதற்கெல்லாம் காசு இல்லை. பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றினால் பழைய கொம்பியூட்டரே போதும். போன் செயலியின் ஏபிகே கோப்பும் ஒரு ஸிப் பொதிதான். பிரித்தால் பல செயலிகளில் இதே வகை லைப்ரரிகள் கிடக்கும்.

“இது பரீட்சைக்கு வருமா சேர்?” என்று கேட்பார்கள். கட்டளைகள் வராமல் போகலாம். இந்தக் கருவிகள் நல்லது கெட்டதைத் தாமாகச் சொல்வதும் இல்லை. ஆனால் அரை வினாடியைச் சும்மா விடாத பழக்கம் வகுப்பில்தான் தொடங்க வேண்டும்.

வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளை கறுப்புத் திரையில் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே ஏசாதீர்கள். என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள். செவுளைத் தூக்கிப் பார்க்கிறதாகவும் இருக்கலாம்.