மே மாத நார்மல்

சென்ற டிசம்பரில் ஒரு காலை. பால் வாங்கி வந்த என் மைத்துனர், வலது கை மரத்துப் போயிருக்கிறது என்றார். தில்லிக் குளிர்தானே என்று தைலம் தேய்த்து, சூடாகக் காப்பி கொடுத்தோம். பேச்சு குழறிய பிறகுதான் மருத்துவமனைக்கு ஓடினோம். மூளை ரத்தக்குழாயில் அடைப்பு. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த நேரத்தை நாங்கள் தைலத்தில் தொலைத்திருந்தோம்.

பிறகுதான் தெரிந்தது, மே மாதமே அவர் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று. "126/80 வந்துடுத்து, இனி எதுக்கு?" என்றாராம் என் தங்கையிடம். அது மாத்திரை கொடுத்த நார்மல் என்பது கணக்குத் துறையில் முப்பது வருடம் இருந்தவருக்குத் தோன்றவில்லை! போதாததற்கு, கோடையில் சற்று இறங்கும் ரத்த அழுத்தம் குளிரில் குழாய்கள் சுருங்குவதால் ஏறும். தில்லிவாசிகள் இதை மறக்கலாகாது.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சீட்டு எழுதும் டாக்டர், "நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நம்மவர்களுக்கு மாத்திரை என்றாலே காய்ச்சல் மாத்திரைதான். குறைந்தால் நிறுத்த வேண்டியது. இது தலைவலிகூட இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே இருக்கும் சமாசாரம். கால் வீங்குகிறதா? டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். செலவா? ஜன் ஔஷதி கடையில் அம்லோடிபின் ஒரு நாளைக்கு ஒரு காப்பி விலைகூட ஆகாது.

உப்பைப் பற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஊரிலிருந்து வரும் மாவடுவும் நார்த்தங்காயும் அப்பளமும் இந்தக் கணக்கில் சேராது என்று யார் சொன்னார்களோ!

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதக் கூட்டத்தன்று வாசலில் ஒரு நாற்காலியும் பிரஷர் கருவியும் வைக்கலாம். 140/90-ஐத் தாண்டினால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்பலாம். அளக்குமுன் அரை மணி நேரம் காப்பி கூடாது; ஐந்து நிமிடம் காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். நம் அங்கத்தினர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

மைத்துனர் இப்போது இடது கையால் கையெழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். பென்ஷன் வாங்க வேண்டுமே.